சண்டை போடமாட்டோம் என்று எழுதிக்கொடுத்த இருவர்

மூன்று வாரம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி. கதவைத் தட்டியது கீழ்வீட்டு தேவகி. கையில் பழுப்புக் கவர், முகத்தில் கலவரம்.

"யக்கா, இத்த கொஞ்சம் படிச்சு சொல்லு. நேத்துலேர்ந்து அவரு ஒழுங்கா சாப்புடல."

திருவொற்றியூரில் ஒரே மாடிப்படியை நாங்கள் இரண்டு குடும்பங்களும் பன்னிரண்டு வருடமாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். தேவகியின் கணவர் ஏழுமலை டிரெய்லர் ஓட்டுகிறார். கன்டெய்னர் பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு போகுமே, அந்த நீ...ளமான வண்டி. வடசென்னை வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தினமும் அதற்குப் பின்னால்தானே நிற்கிறீர்கள்?

கவருக்குள் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ். எர்ணாவூர் பக்கத்தில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டு அனுப்பியது. பெயர் வேண்டாம், பாவம். விஷயம் இதுதான். 'யார்டு வாசலில், காதர் என்னும் மற்றொரு டிரைவருடன் தாங்கள் கடும் சண்டையில் ஈடுபட்டீர்கள். தங்கள் கேட் பாஸை ஏன் நிரந்தரமாக ரத்து செய்யக் கூடாது? மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவும்.'

கேட் பாஸ் இல்லையென்றால் யார்டுக்குள் போக முடியாது. யார்டுக்குள் போக முடியாத டிரைவரை வைத்துக்கொண்டு எந்த டிரான்ஸ்போர்ட் முதலாளி என்ன செய்வார்? ஏழுமலைக்கு வயது ஐம்பத்து மூன்று. தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

"நிஜமாவே சண்டை போட்டாரா?" என்றேன்.

"யாரு, காதர் பாய்கூடயா? இன்னாக்கா நீ! எங்க கல்யாணத்துல தாம்பூலப் பை குட்த்தது யாருன்ற? அந்த மன்ஷன்தான்!"

சரி, ஆளையே கேட்டுவிடலாம் என்று வரச் சொன்னேன். சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். ஏழுமலை ஒடிசலாக, உயரமாக இருப்பார். காதர் பாய் தண்டையார்பேட்டைக்காரர், குள்ளம், குரல் மட்டும் கப்பல் சங்கு. ஒரே டிரான்ஸ்போர்ட்டில் வேலை. காலையில் ஒன்றாகக் கிளம்புவார்கள். முன்னால் ஏழுமலையின் வண்டி, பின்னால் காதர் பாயின் வண்டி. இருபது வருடமாக இதே ஆர்டர்தான்.

"அன்னிக்கு என்னதான் நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலக்கா. எப்பவும் போல திட்னேன்" என்றார் காதர் பாய்.

"எப்பவும் போலவா?"

"டெய்லி திட்றதுதான். இன்னிக்குக் கூட திட்னேன்."

ஏழுமலை பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார். திட்டு வாங்குகிறவர் இத்தனை ஒத்துழைப்பு கொடுத்து நான் பார்த்ததில்லை.

பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. யார்டு வாசலில் டிரெய்லர்கள் வரிசையில் நிற்கும். நான்கு மணி நேரம், சில நாள் ஆறு மணி நேரம். கால் மணிக்கு ஒரு தடவை வரிசை இரண்டு வண்டி நீளம் நகரும். நகர்கிற நேரத்தில் டிரைவர் சீட்டில் ஆள் இல்லையென்றால்? முன்னால் இடைவெளி விழும். பின்னால் இருப்பவன் பக்கவாட்டில் நுழைந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வான். அது தப்பில்லை, வரிசை தர்மமே அதுதான்.

ஆனால் அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஆளில்லாத வண்டியை முந்தலாம். திட்டு வாங்கிக்கொண்டிருக்கிற வண்டியை முந்தக் கூடாது.

அதாவது, டிரைவர் டீ குடிக்கவோ வேறெதற்கோ போயிருக்கும்போது வரிசை நகர்ந்தால், பின்னால் இருப்பவர் தலையை வெளியே நீட்டி அவர் பெயரைச் சொல்லித் திட்ட வேண்டும். பலமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. திட்டுவதற்கு ஒருத்தன் இருக்கிறான் என்றால், அந்த இடத்துக்குச் சொந்தக்காரன் இருக்கிறான், இதோ வந்துவிடுவான் என்று அர்த்தம். போனவர் ஓடி வந்துகொண்டே பதிலுக்குத் திட்ட வேண்டும். திட்டாமல் வந்து ஏறினால் மரியாதை இல்லை.

யார் எழுதி வைத்த சட்டம்? யாருக்கும் தெரியாது. ஆனால் சிக்னல் விளக்கை மதிக்காதவர்கள்கூட இதை மதிக்கிறார்கள்.

"அவ்வளவுதானே? இதையே எழுதிடலாம்" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வோணாங்க்கா" என்றார் ஏழுமலை. "நீ ஏன் வண்டிய வுட்டு எறங்கி எறங்கிப் போறன்னு கேப்பான்."

"ஏன் போறீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். காதர் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "சுகருக்கா. அர மணிக்கு ஒரு தபா போவோணும் அவனுக்கு. ரோட்டுக்கு அந்தாண்ட பெட்ரோல் பங்க்குலதான் டாய்லட்டு."

மாத்திரை சாப்பிடுகிறார், டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் சுகர் என்று தெரிந்தால் யார்டில் ஓரங்கட்டிவிடுவார்கள் என்று ஏழுமலைக்கு ஒரு பயம். ஆகவே கம்பெனிக்குத் தெரியாது, யார்டுக்குத் தெரியாது. ஒரு நாளைக்குப் பத்து முறை தொண்டை கிழியக் கத்தி அதைக் காப்பாற்றுவது காதர் பாய். ரகசியத்தைச் சத்தம் போட்டுக் காப்பாற்றும் ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும்.

ஆக, நிஜக் காரணத்தைச் சொல்லாமல், பொய்யும் சொல்லாமல், ஒரு பதில் எழுத வேண்டும். அதுவும் இங்கிலீஷில்.

எனக்கு அப்போது வந்த தைரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடம் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் லெட்டர் டைப் அடித்தவள் நான். சரக்கு கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டால் பதில் எழுதுவோம். எங்கள் முதலாளி எல்லாப் பதிலையும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார். 'வீ கன்டெண்ட் (contend) தட்...' சும்மா 'சொல்கிறோம்' என்று எழுதினால் மதிக்க மாட்டார்களாம். 'கன்டெண்ட்' என்று போட்டால், இவன் வக்கீல் வைத்திருக்கிறான் என்று கொஞ்சம் யோசிப்பார்களாம்.

ஆபீஸ் டிக்‌ஷனரியில் ஒருநாள் பார்த்தேன். வாதாடுவது என்றும் போட்டிருந்தது, போராடுவது என்றும் போட்டிருந்தது. வெள்ளைக்காரனுக்கு வார்த்தைப் பஞ்சமா? அப்போது சிரித்தேன். இப்போது நியாயம் என்று படுகிறது. கேஸ் சிலிண்டர் வராமல் கஸ்டமர் கேருக்கு நாற்பது நிமிடம் போன் செய்தீர்களே, அது வாதமா போராட்டமா? நமக்கும்தான் மல்லுக்கட்டுவது என்று ஒன்று இருக்கிறது. ஆட்டோக்காரரோடும் மல்லுக்கட்டுகிறோம், முழங்கால் வலியோடும் மல்லுக்கட்டுகிறோம். ஆட்டோக்காரராவது சில நாள் விட்டுக்கொடுப்பார்.

எழுதினேன். 'யார்டு வாசலில் எந்தச் சண்டையும் நடைபெறவில்லை என்று நாங்கள் கன்டெண்ட் செய்கிறோம்.' ஒரு பக்கக் கடிதத்தில் நான்கு இடத்தில் அந்த வார்த்தை. படித்துக் காட்டி அர்த்தமும் சொன்னேன்.

"சண்ட போடலன்னு சொல்றதுக்கே ஒரு சண்டயா?" என்றார் காதர் பாய்.

கடிதம் போனதும் யார்டில் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். 'நீ எய்தினத நீயே வந்து சொல்லு' என்று தேவகி பிடிவாதம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரூம். நோட்டீஸ் அனுப்பிய செக்யூரிட்டி ஆபீசர் பெயர் வில்சன். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், இங்கே வேலைக்கு வந்து பத்தே நாள். அமைதியான மனிதர். பேசினால் அடுத்த நாற்காலிக்குக் கேட்காது. அவர் ஊரில் காதர் பாய் சத்தத்தில் யாராவது பேசினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

"சண்டையே நடக்கலன்னு எழுதியிருக்கிய" என்றார். "அப்போ நான் கண்ணால கண்டது என்னது?"

"பேசிகினு இருந்தோம் சார்" என்றார் காதர் பாய்.

"இவரு கைய ஓங்கிட்டுல்லா ஓடி வந்தாரு?"

"லுங்கி அவுந்துச்சு சார். தூக்கிக் கட்னேன்" என்றார் ஏழுமலை.

"சரி. எதப் பத்தி பேசினிய?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். புத்தி போகவில்லை.

"கிரிக்கெட்டு" என்றார் காதர் பாய்.

"அவர் பொண்ணு நிக்காஹ்" என்றார் ஏழுமலை, அதே நொடியில்.

"டேய், நிக்காஹ் எப்படா பேசுனோம்? அது முந்தாநேத்துடா!"

"நீ எப்படா கிரிக்கெட்டு பாத்த? வூட்ல டிவி பூட்ட கேஸுதான?"

"டிவி பூட்டா இன்னா, போன்ல பாக்கக் கூடாதா? கஸ்மாலம், சொல்றத ஒட்டி சொல்லத் தெரியுதா ஒனக்கு?"

"பேமானி, மொதல்ல சொல்றது நானா நீயா?"

வெளியே இருந்த இரண்டு காவலாளிகள் தடியோடு உள்ளே ஓடி வந்தார்கள். வில்சன் சார் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"பாத்தியளா! இப்பமும் சண்டை!"

"இல்ல சார்" என்றேன் நான், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. "இதுதான் சார் பேச்சு."

அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பாஸைப் பிடுங்கிவிடுவார் என்ற நிலையில் தேவகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் நான் அந்த மகா யோசனையைச் சொன்னேன். சார், வேண்டுமானால் இனிமேல் சண்டை போட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

வில்சன் சார் யோசித்தார். "பதினஞ்சு நாளு பாப்பேன். ஒரு சத்தம் கேட்டா, போட்ட ஆளுக்கு பாஸ் கிடையாது. ஆளில்லாம வண்டிய ரோட்டுல விட்டாலும் கிடையாது. சம்மதம்னா எழுதுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நல்ல பேனா, நல்ல பேப்பர், பழைய ஆபீஸ் ஞாபகம் வேறு. கை சும்மா இருக்குமா? 'இவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் இனி ஒருபோதும் கன்டெண்ட் செய்ய மாட்டார்கள் — வாயாலோ, சைகையாலோ, ஹாரனாலோ.' ஹாரன் நானாகச் சேர்த்தது. யாரும் கேட்கவில்லை. எழுதும்போது அவ்வளவு திருப்தியாக இருந்தது.

வில்சன் சாரே பாராட்டினார். "நல்ல இங்கிலீஷ், கேட்டியளா."

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜெயித்துவிட்ட மாதிரி நான்கு பேரும் வெளியே வந்து டீ குடித்தோம். டீயைப் பாதி குடித்தபிறகுதான் ஏழுமலை கேட்டார்.

"யக்கா... அப்போ நாளைக்கு எனக்கு வந்தா இன்னா பண்றது?"

நான் மீதி டீயைக் குடித்தேன்.

அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால்தானே வரும்? காலையில் ஒரு வாய் காபி, அதோடு சரி. சென்னை வெயிலில், தகரம் மாதிரி கொதிக்கிற கேபினில், ஆறு மணி நேரம். சாயங்காலம் உதடு வெடித்து, கண் உள்ளே போய் வீட்டுக்கு வந்தார். காதர் பாயோடு பேச்சும் நின்றுபோனது. பேசினால் சத்தம் வந்துவிடுமே என்று இரண்டு பேரும் டீக்கடையில் எதிரெதிரே ஊமைகளாக உட்கார்ந்தார்களாம்.

நான்காம் நாள் படி ஏறி வந்தாள் தேவகி. "பாஸ காப்பாத்தறேன்னு சொல்லி ஆளையே அனுப்பிடுவ போலகீதேக்கா" என்றாள்.

சுருக்கென்று இருந்தது. அவள் சொன்னதில் தப்பு என்ன? அந்த லெட்டரில் ஹாரனையாவது விட்டு வைத்திருக்கலாம்.

ஐந்தாம் நாள் காலை அவள் ஒரு பெரிய பாட்டிலில் மோர் எடுத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன். ஷேர் ஆட்டோவில் இறங்கி வரிசையைத் தேடிக்கொண்டு நடந்தோம். கேட்டில் இருந்து எட்டாவது வண்டி ஏழுமலை, ஒன்பதாவது காதர் பாய். ஏழுமலை ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்திருந்தார். தேவகி ஏறி நின்று பாட்டிலை நீட்டினாள். வேண்டாம் என்றார். அவள் அழ ஆரம்பித்தாள். நான் அதட்டினேன். ஒரு லிட்டர் மோரையும் ஒரே மூச்சில் குடித்தார் மனிதர். உப்பும் இஞ்சியும் போட்ட மோர், முகத்தில் உயிர் வந்தது. எங்களுக்கும் நிம்மதி.

நிம்மதி சரியாக அரை மணி நேரம் நீடித்தது.

எதிரே டீக்கடை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், கேபின் கதவு திறந்தது. ஏழுமலை இறங்கினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்ரோல் பங்க்கைப் பார்த்து ஓடினார்.

அவர் டிவைடரைத் தாண்டியதும் வரிசை நகர்ந்தது.

முன்னால் இடைவெளி விழுந்தது. எல்லாக் கண்ணும் காதர் பாய் மேல். அவர் தலையை வெளியே நீட்டினார், வாயைத் திறந்தார், கேட்டைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு என் வாழ்நாளில் மறக்க முடியாத ஒரு குரலில், பக்கத்து வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைக் கூப்பிடுவது போல, அழைத்தார்.

"மிஸ்டர் ஏழுமலை... கொஞ்சம் வர்றீங்களா?"

பத்தாவது வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "பாய், இன்னா... ஒடம்பு சரியில்லியா?"

"ஏழுமலை சார்... ப்ளீஸ்..."

"ரெண்டு பேருக்கும் மெய்யாலுமே புட்டுக்கிச்சுபா!" என்றது பின்னால் ஒரு குரல்.

மரியாதையாகப் பேசுகிறார்கள் என்றால் உறவு முறிந்துவிட்டது. உறவு முறிந்தால் அந்த இடம் அநாதை. பத்தாவது வண்டி இடப்பக்கம் ஒடித்தது. பதினோராவது வலப்பக்கம். பன்னிரண்டு, பதின்மூன்று... ஐந்து நிமிடத்தில் ஏழு டிரெய்லர்கள் ஒன்றோடொன்று மூக்கை இடித்துக்கொண்டு நின்றன. ஒரு பஸ், இரண்டு தண்ணீர் லாரி, ஸ்கூல் வேன் எல்லாம் பின்னால் மாட்டிக்கொண்டு அலறின. வில்சன் சார் நோட்டும் கையுமாக ஓடி வந்தார்.

"யாரு வண்டி இது? டிரைவர் எங்க? ஆளில்லாம வண்டிய விட்டா பாஸ் கிடையாதுன்னு சொன்னேனா இல்லியா?"

பேனாவைத் திறந்துவிட்டார். வண்டி நம்பரைப் பார்த்து எழுதத் தொடங்கினார்.

காதர் பாய் அவரைப் பார்த்தார். பெட்ரோல் பங்க்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லெட்டர் எழுதியவள் அல்லவா? எனக்குத் தலை தானாகக் குனிந்தது. வாயைத் திறந்தால் அவர் பாஸ் போகும். திறக்காவிட்டால் ஏழுமலையின் பாஸ் போகும். கல்யாணத்துக்கு நாள் குறித்த மகள் அவருக்கு இருக்கிறாள்.

"பூட்டா போவுது போ" என்றார். படியில் ஏறி நின்றார். ஐந்து நாளாக அடக்கி வைத்த குரல்.

"டேய் ஏயுமலே! கஸ்மாலம்! வண்டிய நட்டு வச்சிட்டு எங்கடா போய்த் தொலஞ்ச? ஒங்கப்பனா வந்து எட்ப்பான்? வாடா கய்தே!"

ஹாரன்கள் நின்றன. நம்புவீர்களோ மாட்டீர்களோ, ஸ்கூல் வேன்கூட அமைதியாகிவிட்டது.

"ஆள் கீதுபா" என்றார் பத்தாவது வண்டிக்காரர், ஏதோ நல்ல சேதி வந்த மாதிரி. "பின்னால வா, பின்னால வா!" ஒருவருக்கொருவர் கைகாட்டி, ஏழு டிரெய்லர்களும் ஒவ்வொன்றாகப் பின்வாங்கித் தத்தம் இடத்தில் போய் நின்றன. டிராபிக் போலீஸ் வந்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

டிவைடர் மேலிருந்து ஏழுமலையின் குரல் வந்தது. "வந்துகினுதான கீறேன்! எதுக்குடா கூவற, பேமானி!"

அந்தக் குரலில் இருந்த ஆனந்தத்தை எந்த டிக்‌ஷனரியில் தேடுவது?

வில்சன் சார் பேனாவோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். காதர் பாய் இறங்கி அவர் முன்னால் போய் நின்றார்.

"எய்திக்கோ சார். சத்தம் போட்டது நானு. என் பேர மட்டும் எய்து."

ஏழுமலை மூச்சிரைக்க ஓடி வந்தார். "வோணாம் சார். அவன் மேல தப்பு இல்ல. என்னாலதான் அவன் டெய்லி கத்தறான். எனக்கு..." நிறுத்தினார். தேவகியைப் பார்த்தார். சொல்லிவிட்டார். "எனக்கு சுகரு சார். அடக்க முடியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. இருபது வருடமாகக் கட்டிக் காத்த இடத்தை, இரண்டு பேரும் மாற்றி மாற்றி மற்றவனுக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். இவர்களையா நான் பிரித்து வைத்துக் கையெழுத்து வாங்கினேன்?

வில்சன் சார் பேனாவை மூடினார்.

"எவ்வளவு?" என்றார்.

"இன்னா சார்?"

"சுகர். சாப்பிட்டதுக்கு அப்புறம் எவ்வளவு?"

"எரநூத்தி நாப்பது சார்."

வில்சன் சார் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அடுத்த நாற்காலிக்குக் கேட்காத அதே குரலில் சொன்னார்.

"எனக்கு இருநூத்தி எண்பது."

அப்புறம்தான் கதை வந்தது. மணிக்கு இரண்டு தடவை அவரும் கேட்டை விட்டுவிட்டு உள்ளே ஓட வேண்டியிருக்கிறதாம். ஹெட் ஆபீஸில், மைக் வைத்த கேமரா வழியாக, காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்களாம். 'பணி நேரத்தில் இடத்தை விட்டுச் செல்வது ஏன்?' என்று முந்தின நாள் அவருக்கே ஒரு மெமோ வந்திருக்கிறது. சுகர் என்று அவரும் சொல்லவில்லை. அதே பயம்.

"உங்களுக்காவது ஏசுததுக்கு ஒரு ஆளு இருக்கு" என்றார். "எனக்கு இந்த ஊருல யாரு இருக்கா?"

ஏழுமலையும் காதர் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே நான் எழுதிய அந்த உறுதிமொழிக் கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு பாஸும் பத்திரம். டாக்டரிடம் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்தால் போதும், யாரும் ஓரங்கட்ட மாட்டார்கள் என்று ஏழுமலைக்கு விளக்கினார். தன் சர்ட்டிபிகேட்டையும் மெமோவோடு சேர்த்து ஹெட் ஆபீஸுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். ஏழுமலை இப்போது ஒளிவு மறைவில்லாமல் தண்ணீர் குடிக்கிறார், ஒளிவு மறைவில்லாமல் ஓடுகிறார், காதர் பாய் தினமும் பத்து முறை திட்டுகிறார். இப்போதெல்லாம் சாயங்காலம் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்தும் திட்டிக்கொள்கிறார்கள். எனக்குத் தலைவலிதான். ஆனால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

நேற்று காலை போன் வந்தது. வில்சன் சார். என் நம்பரை ஏழுமலையிடம் வாங்கினாராம்.

"நான் கேட்ட விட்டு உள்ள போகும்போது உங்க காதர் பாய் நாற்காலியப் பாத்து என் பேரச் சொல்லி ஏசுதாரு, கேட்டியளா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடியும் நோட்டீஸா? "மன்னிச்சுக்கோங்க சார், நான் நிறுத்தச் சொல்றேன்" என்றேன்.

"ஐயோ, நிறுத்தாண்டாம்" என்றார் அவர். "கொஞ்சம் சத்தமா ஏசச் சொல்லுங்க. ஹெட் ஆபீஸுக்குக் கேக்கலியாம்."